உப்பில்லாத பந்தி

கடலோரத்தில் ஆழிப்பட்டணம் என்று ஓர் ஊர் இருந்தது. தொட்டில் பிள்ளை முதல் பாடையேறக் காத்திருப்பவர் வரை அந்த ஊரில் எல்லோர் காதிலும் ஒரு செவிமணி இருந்தது. மிளகளவுதான் இருக்கும். குடை எடுத்துக்கொள் என்று சொல்லும். இவரோடு பேச்சை வளர்க்காதே என்று சொல்லும். கலியாண வீட்டில் எந்த இடத்தில் சிரிக்க வேண்டும், எழவு வீட்டில் என்ன விசாரிக்க வேண்டும், எல்லாம் சொல்லும். அது தப்பாகச் சொன்னதாக யாருக்கும் நினைவில்லை. நினைவு வைத்துக்கொள்வதையும் அதனிடமே விட்டிருந்தார்கள்.

ஊரின் தெற்குக் கோடியில் ஒரு மடம். அதன் தலைவி மெய்யம்மை. நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவள் காதில் மட்டும் மணி கிடையாது. வெள்ளிக்கிழமைதோறும் மடத்துக் கூடத்தில் கதை சொல்வாள். நடந்த கதை ஒன்றுகூடச் சொன்னதில்லை. எல்லாம் இனிமேல் நடக்கக்கூடிய கதைகள். கேட்டவர்களுக்கு அன்றிரவு தூக்கம் வராது.

மடத்துச் சமையல் வள்ளிக்கண்ணு. அவளும் மெய்யம்மையின் சிஷ்யைதான், ஆனால் குருவைவிடப் பதினைந்து வயது மூத்தவள். எதற்கெடுத்தாலும் பதறுகிற பிறவி. அடுப்பை அணைத்தோமா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து பார்ப்பாள். பார்த்துவிட்டுப் போனவள் மறுபடியும் வருவாள்.

அன்று காலை மெய்யம்மை கொல்லையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வள்ளிக்கண்ணு முந்தானையைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"அம்மா, நான் பெரிய பாவம் பண்ணிட்டேன்."

"பால் பொங்கி வழிஞ்சிடுச்சா அக்கா?"

"கேலி பண்ணாதீங்க. ஊர்ச் சபையிலிருந்து நோட்டீஸ் வந்திருக்கு. நாளைக்குக் குருபூசைக்கு அதிகாரி வர்றாராம். சாப்பிட்டு முடிச்சதும் இங்கேயே வச்சு விசாரணையாம். உங்க கதை மேல புகார்."

"யார் கொடுத்தது?"

வள்ளிக்கண்ணு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தான்."

மெய்யம்மை ஒரு தண்டைக் கிள்ளிப் போட்டாள். "சொல்லுங்க."

"போன வெள்ளிக்கிழமை கதை சொன்னீங்களே, அதைக் கேட்டதிலிருந்து நெஞ்சே சரியில்லை. என்னென்னு சொல்வேன்? மணிகிட்டதான் புலம்பினேன். ஒரே பயமா இருக்குன்னு சொன்னேன். கதையினாலயான்னு கேட்டுச்சு. ஆமான்னேன். அதை அப்படியே எழுதிச் சபைக்கு அனுப்பிடுச்சு."

போன வெள்ளிக்கிழமைக் கதை இதுதான். ஓர் ஊரில் யாருக்கு எப்போது பசிக்கும் என்பதை ஓர் எந்திரம் சொல்லிவந்தது. அது சொன்னால் சாப்பிடுவார்கள், போதும் என்றால் எழுந்துவிடுவார்கள். தாத்தன் காலத்திலிருந்து அப்படித்தான். ஒருநாள் எந்திரம் வாய் மூடிவிட்டது. பானை பானையாகச் சோறு இருந்தது. ஊரே சோற்றின் முன்னால் உட்கார்ந்திருந்தது. உனக்குப் பசிக்கிறதா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். தெரியவில்லையே, உனக்கு? எனக்கும் தெரியவில்லையே. கொஞ்ச நாள் கழித்து அந்த வழியாகப் போன வழிப்போக்கன் ஒருவன் எட்டிப் பார்த்தான். சோறு இருந்தது. ஆட்கள் இல்லை.

"சபைச் சட்டம் உங்களுக்குத் தெரியாததில்லை" என்றாள் வள்ளிக்கண்ணு. "நடக்காததைச் சொல்லி ஊரைப் பயமுறுத்தக் கூடாது. கூடவே இருக்கிறவங்க ஒருத்தர் ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், கூடத்துக்குச் சீல் வச்சிடுவாங்க. நாளைக்கு என்னைத்தான் எழுப்பிக் கேப்பாங்க."

"பயந்தது நிஜந்தானே?"

"நிஜந்தான்."

"அப்ப நிஜத்தைச் சொல்லிடுங்க."

வள்ளிக்கண்ணுக்குக் கோபம் வந்துவிட்டது. பயந்தவர்களுக்கு வருகிற கோபம்.

"எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்கம்மா. அந்த ஊர் எங்கே இருக்கு? எங்கேயும் இல்லை. அப்படி ஒரு ஊர் இருந்ததும் இல்லை. இல்லாத ஊருக்காக இருக்கிற கூடத்தை எதுக்கு இழக்கணும்? நடந்தப்புறம் சொன்னா ஆகாதா? நடந்ததைச் சொன்னா எவன் வந்து கேக்கப் போறான்?"

மெய்யம்மை ஆய்ந்த கீரையை முறத்தில் அள்ளினாள்.

"நாளைக்கு என்ன சமையல்?"

"பொங்கல், சாம்பார், பூசணிக்காய்க் கூட்டு. அப்பளம், மாங்காய் ஊறுகாய்."

"அப்பளமும் ஊறுகாயும் வேண்டாம். மத்ததைச் செய்யுங்க. எதிலேயும் ஒரு கல் உப்பு போடாதீங்க."

வள்ளிக்கண்ணு காதில் விரலைவிட்டுக் குடைந்துகொண்டாள்.

"என்ன சொன்னீங்க?"

"உப்பு வேண்டாம். உங்க மணியைக் கழட்டி அரிசிப் பானைக்குள்ள போட்டுட்டுச் சமைங்க."

"இருநூறு பேர் சாப்பிடுற பந்திம்மா! முப்பது வருஷமா என் கையில உப்பு கூடிச்சு, குறைஞ்சுதுன்னு ஒருத்தர் சொன்னதில்லை. மூஞ்சியில துப்புவாங்க!"

"துப்பினாங்கன்னா, உங்க கேள்விக்கு என்கிட்டே பதில் இல்லைன்னு அர்த்தம். நானே கூடத்தைப் பூட்டிச் சாவியைக் கொடுத்திடுறேன்."

அன்று வள்ளிக்கண்ணு உப்பு ஜாடியை எடுத்து மேல் பலகையில் வைத்தாள். கீழே இறக்கினாள். மறுபடி மேலே வைத்தாள்.

மறுநாள் விடிந்ததும் அடுப்பு மூட்டினாள். குருபூசைச் சமையலை யாரும் ருசி பார்க்கக் கூடாது. மடத்தை நிறுவிய பெரியவரின் சமாதிக்குப் படைத்த பிறகுதான் மனிதர் நாக்கில் படலாம். அந்தக் காலத்தில் வள்ளிக்கண்ணு உப்பை வாசனையில்தான் பிடிப்பாள். கொதிக்கிற சாம்பாரின் ஆவியை உள்ளங்கையால் முகத்துக்கு அள்ளி ஒருதரம் முகருவாள். போதும், போதாது என்று மூக்கு சொல்லிவிடும். செவிமணி வந்த பிறகு அந்தக் கவலை விட்டது. இரண்டு படி என்று அது சொல்லும். இரண்டு படி போடுவாள். பயந்த சுபாவத்துக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. இலை ஓரத்தில் உப்பு வைக்கிற வழக்கத்தையும் சபை நிறுத்திவிட்டது. அளவு அளவாக இருக்கும்போது அது எதற்கு?

அன்றைக்கும் மணி காலையிலேயே இரண்டு படி என்றது. அவள் அதைக் கழற்றி அரிசிக்குள் புதைத்தாள்.

சாம்பார் கொதித்தது. பழக்கமில்லாத அமைதியில் காது இரண்டும் கூசின. கை தானாகவே ஆவியை அள்ளியது. முகர்ந்தாள்.

வாசனை மொட்டையாக இருந்தது. பெருங்காயம் வந்தது, மல்லி வந்தது, புளி வந்தது. அவற்றைச் சேர்த்துக் கட்டுகிற ஒன்று வரவில்லை.

வள்ளிக்கண்ணு கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். எத்தனை வருஷமாயிற்று! மூக்கு செத்துப்போகவில்லை. யாரும் கேட்காததால் சும்மா இருந்திருக்கிறது.

கை உப்பு ஜாடிக்குப் போனது. ஒரு பிடி அள்ளிவிட்டாள். போட்டுவிட்டால் முப்பது வருஷப் பெயர் மிஞ்சும். அள்ளியதைத் திரும்ப ஜாடிக்குள்ளேயே உதறினாள்.

படையல் முடிந்தது. மடத்து முற்றத்தில் பந்தி விரித்தார்கள். நடுவில் சபை அதிகாரி ஆளவந்தார் உட்கார்ந்தார். மடிப்புக் கலையாத சட்டை. எந்தப் பக்கமும் சாயாத முகம். வள்ளிக்கண்ணு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முதல் கவளம் வாய்க்குள் போனது. இருநூறு முகங்களிலும் ஒரே சமயத்தில் ஒரு சுருக்கம் ஓடியதை அவள் பார்த்தாள். முடிந்தது என்று கண்ணை மூடினாள்.

செவிமணிக்கு நாக்கு கிடையாது. இன்ன சமையலுக்கு இன்ன அளவு உப்பு என்று அதற்குள் இருக்கும். அளவு சொல்லிவிட்டால் போட்டதாகவே அது எடுத்துக்கொள்ளும். உப்பு சரியாக இருக்கிறது என்றுதான் இருநூறு காதுகளிலும் சொன்னது.

கண்ணைத் திறந்தபோது முகங்களில் சுருக்கம் இல்லை.

"அருமை" என்றார் ஒருவர்.

"உங்க கைப்பக்குவமே தனிதான் வள்ளிக்கண்ணு!" என்றாள் இன்னொருத்தி. "இன்னும் கொஞ்சம் கூட்டு வைங்க."

ஆளவந்தார் இரண்டாம் முறை சாம்பார் கேட்டு வாங்கினார். "உப்பு கச்சிதம்" என்றார்.

வள்ளிக்கண்ணுக்கு முதலில் உயிர் வந்தது. பிறகு உடம்பெல்லாம் சில்லிட்டது. நின்ற இடத்திலிருந்தே கண்ணுக்கு எட்டிய இலைகளை எல்லாம் பார்த்தாள். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நன்றாகவே சாப்பிட்டார்கள்.

அதிகாரி இலையில் இருந்தபடியே விசாரணையைத் தொடங்கினார். நேரத்தை வீணாக்குகிற ஆள் இல்லை.

"மடத்துத் தலைவி சொன்ன கதையில் ஓர் ஊர் வருகிறது. பசி தெரியாத ஊர். அம்மா, அந்த ஊர் எங்கே இருக்கிறது?"

மெய்யம்மை சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். "சாப்பாடு எப்படி இருந்ததுங்க?"

"கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்."

"அதுதாங்க பதில்."

"சாப்பாட்டுக்குக் குறையில்லை. ஊரைக் காட்ட முடியாது, இல்லையா? நல்லது." அவர் திரும்பினார். "வள்ளிக்கண்ணு யார்? வாருங்கள். இந்தக் கதைகள் உங்களைப் பயமுறுத்தினவா? ஒரு சொல் போதும்."

வள்ளிக்கண்ணு தூணை விட்டாள். பழக்கத்தில் கை காதுக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. என்ன சொல்ல வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

"நான் இன்னிக்கு எதிலேயும் உப்பு போடலைங்க" என்றாள்.

பந்தியில் யாரோ சிரித்தார்கள்.

"ஒரு கல்கூடப் போடலை. பொங்கல்ல இல்லை, சாம்பார்ல இல்லை. கூட்டுலேயும் இல்லை."

ஆளவந்தார் தலையைச் சற்றே சாய்த்துக் காதில் கேட்டுக்கொண்டார். "இரண்டு படி உப்பு. ருசி கச்சிதம்."

"அதைக் கேக்கலை. உங்க நாக்கைக் கேக்கிறேன்."

"அம்மா, நீங்கள் பதற்றத்தில் இருக்கிறீர்கள்."

"நான் பொறந்ததிலிருந்தே பதற்றத்துலதான் இருக்கேன். வாயில வச்சுப் பாருங்க!"

அதட்டல் அவளுக்கே புதிதாக இருந்தது. ஆளவந்தார் ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தார். மென்றார். அவர் முகம் மெல்லச் சுருங்கியது. காதில் என்ன கேட்டதோ, சுருக்கம் பாதியிலேயே நின்றது.

"உப்பு இருக்கிறது" என்றார். சற்றுப் பொறுத்து, குரல் தாழ்த்தி, "இருக்கத்தான் வேண்டும்" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. வள்ளிக்கண்ணு அடுக்களைக்குள் ஓடி உப்பு ஜாடியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"யாருக்கு வேணும்?"

இலைகள் பச்சையாக வரிசையாகக் கிடந்தன. அவள் கேட்டுக்கொண்டே நடந்தாள். "யாருக்கு வேணும்? யாருக்கு?" பாதிப் பந்தி தாண்டினாள். முக்கால் பந்தி தாண்டினாள். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

கடைசி இலையில் செண்பகம் இருந்தாள். துறைமுகத்தில் சாக்கு தைக்கிறவள். பந்தி முழுக்கச் சாப்பிட்டு முடித்தும் அவள் இலையில் பொங்கல் அப்படியே இருந்தது. ஏதோ தப்புச் செய்கிறவள் மாதிரி விரலால் இலை ஓரத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"எனக்குக் கொஞ்சம் வை, அக்கா. அப்பவே சப்புன்னுதான் இருந்துச்சு. எல்லாரும் சாப்பிடுறாங்களேன்னு பேசாம இருந்தேன்."

வள்ளிக்கண்ணு ஒரு சிட்டிகை வைத்தாள். அவசரத்தில் இலைக்கு வெளியேயும் சிந்தியது. செண்பகம் பிசைந்து வாயில் போட்டாள். அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"விசாரணைக்கு வாருங்கள்" என்றார் ஆளவந்தார். எழுந்து நின்றுவிட்டார். "பயமுறுத்தினவா, இல்லையா?"

"பயந்தேன். கைகால் உதறப் பயந்தேன்." ஜாடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அது என் பயம். நானாப் பட்டது. அதை வாங்கிட்டுப் போறதுக்கு நீங்க யாரு?"

அவருக்கு வேண்டியது முதல் சொல்தான். அதை எழுதிக்கொண்டார். கூடத்துக்கு இரட்டைப் பூட்டுப் போட்டு, அரக்குச் சீல் வைத்து, மடிப்புக் கலையாமல் போனார். பந்தியில் இருந்தவர்கள் கை கழுவினார்கள். என்ன சொல்லிக் கிளம்ப வேண்டுமோ அதைச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். அவர்களில் நாலைந்து பேர் மட்டும் வழியெல்லாம் நாக்கால் மேலண்ணத்தைத் தடவிக்கொண்டே போனார்கள்.

வள்ளிக்கண்ணு பூட்டின் முன்னால் உட்கார்ந்து அழுதாள். மெய்யம்மை எச்சில் இலைகளை எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பூட்டிட்டாங்களேம்மா. இனி எங்கே கதை சொல்வீங்க?"

"அடுக்களையில இடமில்லையா?"

"அங்கேயும் வந்து பூட்டினா?"

"செண்பகத்துக்கு வீடு இல்லையா?"

வள்ளிக்கண்ணு மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நேத்து கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலை. முழுசா நடந்து முடியட்டும், அப்புறம் சொல்லியிருக்கலாமே. இந்தக் கூடமாவது மிஞ்சியிருக்கும்."

மெய்யம்மை கடைசி இலைக்கு வந்தாள். அதில் ஒரு பருக்கைகூட மிச்சமில்லை. ஓரத்தில் நாலைந்து உப்புக்கல் மட்டும் இருந்தன. அந்த இலையை மடிக்காமல் எடுத்து வந்து வள்ளிக்கண்ணு மடியில் வைத்தாள்.

"முழுசா நடந்து முடிஞ்சிருந்தா, இந்த இலையில ஒருத்தி உப்பு கேட்டிருக்க மாட்டா, அக்கா."