வாயைத் திறக்காத கெளுத்தி

கழிமுகத்துச் சாமிக்கு வயது முப்பதுகூட இருக்காது. சீடர் சங்கரநயினாருக்கு நாற்பத்தாறு. அதனால் குருதான் சீடரை "அண்ணாச்சி" என்று கூப்பிடுவார்.

அன்று அண்ணாச்சிக்கு விரதத்தின் இருபத்தோராம் நாள். வெறும் தண்ணீர். முடித்தால் துறவு தருவதாகப் பேச்சு. எட்டு முழக் காவி வேட்டி குடிசைக் கொடியில் தயாராகத் தொங்கியது. ஊரில் மனைவி கோமதிக்கு ஆண் குழந்தை பிறந்து பதினோரு நாள் ஆகிறது என்று மச்சினன் வந்து கதறியபோதுகூட அண்ணாச்சி கண்ணைத் திறக்கவில்லை. அவ்வளவு வைராக்கியம்!

"சாமி, இன்னைக்குக் காவி உண்டுதானே?"

"உண்டு. மொதல்ல பானையில இருக்கிறவருக்குச் சாப்பாடு போடுங்க."

பானையில் ஒரு கெளுத்தி. வலைக்காரர் உயிரோடு கொடுத்துப் போனது. ஆள் நீளம் என்றால் நம்பமாட்டீர்கள். முழங்கை நீளம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அண்ணாச்சி அதன் முள்ளுக்குப் பயந்து, எட்ட நின்றே ஒரு இறாலை மூக்குக்கு நேரே ஆட்டினார். கெளுத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டது. இன்னொரு இறால். ஊஹூம்.

"என்ன சாமி, வீம்பு பிடிச்ச மீனா இருக்கு!"

"விரதம்."

"எத்தனை நாளா?"

"நாப்பது இருக்கும்."

அண்ணாச்சியின் முகம் சுண்டிப்போனது. "என்ன வரம் வேணுமாம் இதுக்கு?"

சாமி முள்ளை ஒதுக்கிப் பிடித்து, தண்ணீருக்குள்ளேயே அதன் தாடையை விரல் நுனியால் மெல்ல விலக்கினார். "நீங்களே பாருங்க."

அண்ணாச்சி குனிந்தார். வாய் நிறைய முட்டைகள். கோலிக்குண்டு அளவில், பொன்னிறத்தில், ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு. ஒவ்வொன்றுக்குள்ளிருந்தும் இரண்டு கருப்புக் கண்கள் அவரையே பார்த்தன. ஒன்றில் நூலிழை போல ஒரு வால் துடித்தது.

"யப்பா... தப்பித்தவறி ஒண்ண முழுங்கிட்டா?"

"அதுக்குத்தான் எதையும் முழுங்கறதில்ல."

"தாய்னா தாய்தான், சாமி!"

"தாய் முட்டை போட்டதோட சரி. இவரு அப்பன்."

அண்ணாச்சி பானையைத் தூக்கிக்கொண்டு, தள்ளாடித் தள்ளாடி கழிமுகத்தின் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினார். பானையைச் சாய்த்தார். கெளுத்தி அவர் காலை உரசிக்கொண்டு ஆழத்துக்குப் போனது. வாய் மூடியே இருந்தது.

கரையேறியபோது சாமி காவியோடு நின்றார்.

அண்ணாச்சி கையை நீட்டவில்லை. "இனி இது எனக்கு எதுக்கு, சாமி?"

"கொண்டு போங்க, அண்ணாச்சி. எட்டு முழம். நல்ல தூளி ஆகும்."