சாம்பிப் பூனை மடி மிதித்த கதை

அந்தக் காலத்தில் பூனைகளுக்கு வீடு கிடையாது. நாய் மனிதனோடு சேர்ந்துவிட்டது, மாடும் சேர்ந்துவிட்டது. பூனை மட்டும் மலையிலேயே இருந்தது. எல்லாப் பிராணிகளும் பேசிய காலம் அது. பூனைக்கும் பேச்சு வரும், ஆனால் அதிகம் பேசாது. அதன் சுபாவம் அப்போதே அப்படித்தான்.

நொச்சிமலைப் பூனைகளிடம் ஒரு வழக்கம் இருந்தது. மலையுச்சிக்குக் கீழே ஒரு பாறை இடுக்கில் சுனை ஒன்று உண்டு. அதன் தண்ணீர் கசக்கும். குட்டி தானாக ஓர் எலியைப் பிடித்துவிட்டால், தாய் அதை அந்தச் சுனைக்கு அழைத்துப் போகும். இரண்டும் சேர்ந்து குடிக்கும். குடித்து நிமிர்ந்ததும் தாய்க்குக் குட்டியைத் தெரியாது, குட்டிக்குத் தாயைத் தெரியாது. ஆளுக்கொரு திசையில் போய்விடும். ஏக்கம் பிடித்த பூனைக்கு வேட்டை வராது என்று முன்னோர்கள் செய்துவைத்த ஏற்பாடு அது.

சாம்பல் நிறக் குட்டி ஒன்று இருந்தது. அதன் அம்மா அதைச் சாம்பி என்று கூப்பிடுவாள். சாம்பி தன் முதல் எலியைப் பிடித்த அன்று, அம்மா அவளைச் சுனைக்குக் கூட்டிப்போனாள்.

"குடிச்சா உன்னை மறந்துடுவேனா அம்மா?"

"மறந்துடுவே. நானும் மறந்துடுவேன். அப்புறம் அழறதுக்கு ஒண்ணும் இருக்காது."

அம்மா நாக்கை நீட்டிக் குடித்தாள். சாம்பி குனிந்தாள், ஆனால் தண்ணீரைத் தொடவில்லை. குடிப்பதுபோலப் பாவனை மட்டும் செய்தாள். தான் மட்டுமாவது நினைத்துக்கொண்டு இருக்கலாமே என்று அவளுக்குத் தோன்றியது.

அம்மா நிமிர்ந்தாள். பக்கத்தில் நின்ற குட்டியைப் பார்த்து முதுகை வளைத்தாள், மயிர் சிலிர்த்தது.

"யாரு நீ? இது என் இடம். போ!"

"அம்மா, நான்தான்..."

அம்மா சீறினாள். மூக்கில் ஓர் அடியும் விழுந்தது. சாம்பி ஓடிப்போய்ப் புதரில் ஒளிந்துகொண்டாள். அடுத்த நாளும் அம்மாவைத் தேடிப் போனாள், அதற்கடுத்த நாளும் போனாள். ஒவ்வொரு முறையும் சீற்றம்தான் கிடைத்தது. கடைசியில் பசி தாங்காமல் மலையை விட்டு இறங்கினாள்.

அடிவாரத்தில் தினை விதைத்து வாழ்ந்த ஒரு புருஷன் பெண்டாட்டி இருந்தார்கள். அவன் பெயர் மாதன், அவள் பெயர் செம்பாயி. செம்பாயி ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. தாய்வீட்டை அவள் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

தினை கொட்டிவைத்த குதிருக்குப் பின்னால் எலிச் சத்தம் கேட்டுத்தான் சாம்பி அந்தக் குடிசைக்குள் நுழைந்தாள். செம்பாயி அவளைப் பார்த்துவிட்டாள், விரட்டவில்லை.

"எலி உனக்கு, தினை எனக்கு. சம்மதமா?"

"சம்மதம் அக்கா," என்றாள் சாம்பி. அன்றே குடிவந்துவிட்டாள்.

ஒரு சாயங்காலம் செம்பாயி அடுப்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். சாம்பி மடியில் ஏறிப் படுத்தாள். சேலையின் இளஞ்சூடு வயிற்றில் பட்டதும் அவளுடைய முன்னங்கால்கள் தாமாக அசையத் தொடங்கின. இடது கால் ஒரு அமுக்கு, வலது கால் ஒரு அமுக்கு. விரல்கள் விரிந்தன, மடங்கின. கண் பாதி மூடிக்கொண்டது.

"என்னடி பண்றே? மாவா பிசையறே?"

"தெரியலக்கா. அம்மாகிட்ட பால் குடிக்கிறப்போ இப்படித்தான் பண்ணுவேன். அமுக்கினா பால் நல்லா இறங்கும்."

அப்படித் தொடங்கி சுனையின் கதை முழுவதையும் சொன்னாள். செம்பாயி அசையாமல் கேட்டாள். பிறகு அவளும் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னாள். அம்மா ஆற்றங்கரையில் குந்தி, கிளிஞ்சலால் மீன் செதிலைச் சுரண்டுவாள். செதில் பறந்து அவள் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு வெயிலில் மினுங்கும். அதைத் துடைக்காமலே சிரிப்பாள். தலைவாரிவிடும்போது சிக்கு இழுத்தால், மகளுக்குப் பதிலாக அவளே "ஆ" என்று கத்துவாள்.

"மீன்னா என்னக்கா?" என்று கேட்டாள் மலைப்பூனை.

அழுதுகொண்டிருந்த செம்பாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் அதேதான். ஒருத்தி மடியை மிதிப்பாள், ஒருத்தி அக்கரைக் கதை சொல்வாள். ஆனால் சொல்லச் சொல்ல ஏக்கம் குறையவில்லை. செம்பாயி சரியாகச் சாப்பிடுவதில்லை. கைவளையல் முழங்கை வரை ஏறியது.

மாதன் கெட்டவன் இல்லை. ஆனால் அவனால் கிளம்ப முடியவில்லை. கதிர் பால் பிடித்திருந்தது. காவல் இல்லாவிட்டால் கிளிக்கூட்டம் ஒரு நாளில் தினைக்கொல்லையை மொட்டையடித்துவிடும். "கதிர் முத்தட்டும் புள்ள, போகலாம்," என்று சொல்லிக்கொண்டே இருந்தான். சென்ற போகத்திலும் அப்படித்தான் சொன்னான். அறுவடை முடிந்ததும் ஆற்றில் வெள்ளம் வந்துவிட்டது.

சுனையின் கதையை அவனும் வாசலில் இருந்து கேட்டிருந்தான். ஒரு நாள் விடியலில் மலை ஏறி, உச்சிவெயிலில் திரும்பி வந்தான். கையில் சுரைக்குடுவை இருந்தது.

"இந்தா, குடி."

"என்ன மாமா இது?"

"அந்தச் சுனைத் தண்ணிதான். நீ இப்படியே உருகினா எனக்கு மிஞ்சமாட்டே. இதைக் குடிச்சா மனசு லேசாயிடும். அழுகை நின்னுடும்."

அவன் கண் கலங்கியிருந்தது. செம்பாயி குடுவையை வாங்கிக்கொண்டாள்.

"அம்மா முகமும் போயிடுமே?"



சாம்பி குதிரின் மேலிருந்து குதித்து வந்தாள். "குடிக்காதே அக்கா. எங்கம்மா குடிச்சாளே, அவளுக்கு ஒரு வலியும் இல்ல. எதிர்ல நின்ன எனக்குத்தான் வலிச்சுது. நாளைக்கு உங்கம்மா ஆத்தைத் தாண்டி உன்னைத் தேடி வந்தா? யாரு நீன்னு கேப்பியா?"

"எனக்கு முடியலடி. படுத்தா அவ முகம், எழுந்தா அவ முகம். எவ்வளவு நாள் தாங்குவேன்?"

கண்ணை மூடிக்கொண்டு குடுவையை வாய்க்குக் கொண்டுபோனாள்.

சாம்பி பாய்ந்து முன்னங்காலால் ஓங்கித் தட்டினாள். குடுவை தரையில் விழுந்து உடைந்தது. தண்ணீர் நாலாபக்கமும் சிதறியது. சாம்பியின் முகம், மார்பு எல்லாம் நனைந்துபோயிற்று.

உடம்பில் ஈரம் பட்டால் நக்காமல் இருக்கப் பூனையால் முடியாது. நாக்கு வெளியே வந்துவிட்டது.

"நக்காதேடி!" என்று செம்பாயி அலறினாள்.

சாம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "அம்மா" என்று வரவேண்டிய சொல் "மியா" என்று வந்தது. அவ்வளவுதான். சுனையில் ஒரு வாய் குடித்தால் முகம்தான் மறக்கும்; மயிரில் ஊறியதையெல்லாம் நக்கிய சாம்பிக்கு அம்மாவின் முகமும் போயிற்று, பேச்சும் போயிற்று. செம்பாயியைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். வெயில் விழுந்த இடத்தில் போய் உட்கார்ந்து உடம்பைக் காயவைத்துக்கொண்டாள்.

செம்பாயி உடைந்த சுரை ஓட்டுச் சில்லுகளுக்கு நடுவே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். மாதன் பரணில் இருந்த கூடையை இறக்கினான்.

"கிளம்பு புள்ள."

"கொல்லை?"

"கிளி தின்னட்டும். கிழங்கு தோண்டித் தின்னலாம்."

அந்த வருஷம் நொச்சிமலைக் கிளிகள் கொழுத்துத் திரிந்தன. புருஷனும் பெண்டாட்டியும் பூனையைக் கூடையில் வைத்துத் தலையில் சுமந்துகொண்டு, இடுப்பளவு தண்ணீரில் ஆற்றைக் கடந்தார்கள். அக்கரையில் குந்தியிருந்த அம்மா தூரத்திலேயே மகளின் நடையைக் கண்டுகொண்டாள். கிளிஞ்சலையும் மீனையும் அப்படியே போட்டுவிட்டு ஈரக்கையோடு ஓடிவந்து கட்டிக்கொண்டாள். சாம்பி கூடையிலிருந்து இறங்கி, கரையில் கிடந்த மீனை முதன்முதலாக ருசிபார்த்தாள். யாரும் அவளை விரட்டவில்லை.

வயிறு நிறைந்ததும் அவள் வந்து செம்பாயியின் மடியில் ஏறினாள். சேலையின் இளஞ்சூடு வயிற்றில் பட்டது. இடது கால் ஒரு அமுக்கு, வலது கால் ஒரு அமுக்கு. தொண்டைக்குள் குர்ர்ர் என்று ஏதோ ஓடியது. செம்பாயி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். சுனைத் தண்ணீரைக் குடித்தது வாய்தானே. கால்கள் குடிக்கவில்லை.

பூனை நம் மடியில் ஏறி, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு மிதிக்கத் தொடங்கியது சாம்பியிலிருந்துதான். சேலையில் நகம் தைத்தாலும் தள்ளிவிடக் கூடாது. யாரை நினைத்து மிதிக்கிறோம் என்று பாவம், அதற்கே தெரியாது.