மிளகு கேட்ட வாழ்க்கை வரலாறு

என் ஐயா பெரிய எழுத்தாளராம். நாய்க்கு அதெல்லாம் தெரியாது. ஊர் ஊராக அவருக்குப் போர்த்திய பொன்னாடைகளை மடித்து எனக்குப் படுக்கை போட்டிருக்கிறார். சரிகை கொஞ்சம் குத்தும். மற்றபடி குறையில்லை.

மரகதம் ஐயாவின் சிஷ்யை. கல்லூரியில் தமிழ் நடத்துகிறவள். ஐயாவின் வாழ்க்கை வரலாற்றை எழுதி முடித்துவிட்டு, அச்சுக்குக் கொடுக்க அவர் சம்மதம் வேண்டும் என்று வந்து வந்து போய்க்கொண்டிருந்தாள். ஐயா பிடிகொடுக்கவில்லை.

அன்று பொறுமை போய்விட்டது அவளுக்கு.

"இதுல என்ன குறை ஐயா? படிச்சவங்க எல்லாரும் நல்லாயிருக்குன்னுதான் சொல்றாங்க."

"மிளகுக்குப் படிச்சுக் காட்டு."

மிளகு என்பது நான்தான்.

"நாய்க்கா?"

"என்கூடவே இருக்கிறவன். உன்னைவிட அவனுக்கு என்னைத் தெரியும்."

அவள் முகம் சுருங்கியது. ஆனாலும் என் எதிரே தரையில் உட்கார்ந்து படித்தாள். விருது வாங்கிய அத்தியாயத்தில் கொட்டாவி விட்டேன். மந்திரி மாலை போட்ட இடத்தில் காதைச் சொறிந்துகொண்டேன். வெளிநாட்டுப் பயணத்தில் தூங்கியே போனேன். மரியாதைக்காகக் கேட்பது எங்கள் ஜாதிக்கு வராது.

ஒரு வரியின் நடுவில் "ஆரோக்கியசாமி" என்றாள்.

எழுந்து வாசல் கேட்டுக்கு ஓடினேன். கம்பியில் மூக்கை வைத்துத் தெருவைப் பார்த்தேன். வால் அது பாட்டுக்கு ஆடியது.

தினமும் சாயங்காலம் சைக்கிளில் வருவார் ஆரோக்கியசாமி. எனக்கு டீக்கடைப் பொறை கொண்டு வருவார். ஐயா அன்றைக்கு எழுதியதை முதலில் அவருக்குத்தான் படித்துக் காட்டுவார். "இங்க பொய் சொல்றேடா" என்பார் அவர். ஐயா திட்டிக்கொண்டே அந்தப் பக்கத்தைக் கிழிப்பார். விருது கிடைத்த நாவலையும் ஒருநாள் அவர் பொய் என்று சொல்லிவிட்டார். ஐயா இந்தக் கேட்டைக் காட்டி வெளியே போகச் சொன்னார். பிறகு சைக்கிள் வரவே இல்லை. எனக்கு அவரை ரொம்பத் தேடுகிறது.

தெருவில் யாருமில்லை. திரும்பி வந்து ஐயாவின் காலடியில் படுத்தேன்.

"அவனைப் பத்தி என்ன எழுதியிருக்கே?" என்றார் ஐயா.

"ஒரு வரிதான் ஐயா. உங்க புகழைப் பொறுக்காம விலகிப்போன நண்பர்னு. நீங்க சொன்னதுதான்."

"ஆமா. நான் சொன்னதுதான்."



"வேணும்னா அவரைப் பத்தித் தனியா ஒரு அத்தியாயம் சேர்த்துடட்டுமா ஐயா? அப்ப குறை தீர்ந்துடுமா?"

ஐயா எழுந்து சட்டையை மாட்டினார். ஆணியில் தொங்கிய என் சங்கிலியை எடுத்தார். என் கழுத்தில் கோத்தார்.

"எங்க ஐயா கிளம்பிட்டீங்க?"

"அவன் வீட்டுக்கு. அந்தத் தாளையெல்லாம் நீயும் எடுத்துக்க. அவன் எதிர்ல உட்கார்ந்து முதல்லேர்ந்து படி. எங்கெங்க நான் பொய் சொல்லியிருக்கேன்னு அவன் சொல்லட்டும்."