கறுப்பாயியின் மை

கடலுக்குள் எல்லா உயிர்களும் பேசித் திரிந்த காலம் அது. அப்போது கணவாய் மீனுக்கு ஓடு வெளியே, முதுகின்மேல் இருந்தது. கழற்றவும் மாட்டவும் முடியும். கறுப்பாயி என்றொரு கணவாய் அந்த வெள்ளை ஓட்டைக் கழற்றி அதில் கேலிப்படம் செதுக்குவாள். தன் வயிற்று மையைத் தடவி, அகன்ற பாசி இலைகளில் அச்செடுத்து, நீரோட்டத்தில் விட்டுவிடுவாள்.

சுறா ராஜாவின் மந்திரியாக இருந்த களவாய் மீனுக்குப் பதவி போயிற்று. சின்ன மீன்களின் பொந்துகளைப் பிடுங்கியவன், தங்க ஒரு பொந்து கேட்டு வாசல் வாசலாக அலைந்தான். நண்டின் வாசலில் அவன் வாலைச் சுருட்டிக்கொண்டு நிற்பதைக் கறுப்பாயி படமாகப் போட்டாள். கடலே சிரித்தது. ராஜாவும் சிரித்து, "இன்னும் நூறு போடு" என்று ஆளனுப்பினான்.

மறுநாள் களவாயே அவளைத் தேடி வந்தான். இளைத்துப்போயிருந்தான்.

"என்னை அச்சாப் பிடிச்சிருக்கே. ஒண்ணு மட்டும் சொல்லு. நான் மந்திரியா இருந்தப்ப உன் மை எங்கே போச்சு?"

கறுப்பாயிக்குச் சுருக்கென்றது. "பயமா இருந்துச்சு" என்றாள்.

"பொந்துகளைப் பிடுங்கச் சொன்னது யாருன்னு தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும். சொல்லத்தான் ஆளில்லை." முதுகிலிருந்து ஓட்டைக் கழற்றினாள். "நீங்க செஞ்சது செஞ்சதுதான். அந்தப் படத்தை அழிக்க மாட்டேன். ஆனா இனி ஒருத்தர் விழுற வரைக்கும் காத்திருக்கவும் மாட்டேன்."

அன்றைக்கே அடுத்த படம் வந்தது. பிடுங்கிய பொந்துகளின்மேல் தொந்தி சரியப் படுத்திருந்தான் சுறா ராஜா. பார்த்தவர்கள் முதலில் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பொந்தை இழந்த ஒரு சூடை மீன் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டது. பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை.

ராஜாவே நேரில் வந்தான்.

"ஓட்டைக் கொடு. அதை நொறுக்கிட்டு உன்னை உயிரோட விட்டுடறேன்."

"ஓடும் என்னது, மையும் என்னது. தர மாட்டேன்."

சொன்ன கையோடு முதுகைக் கிழித்து, ஓட்டைத் தன் சதைக்குள்ளேயே திணித்துக்கொண்டாள். வலியில் உடம்பெல்லாம் நிறம் மாறியது. சுறா வாயைப் பிளந்துகொண்டு பாய்ந்தான். வயிற்றிலிருந்த மை முழுவதையும் அவன் முகத்தில் பீய்ச்சினாள்.

இருட்டு கலைந்தபோது அவள் அங்கே இல்லை. கரிய முகத்தோடு திரும்பிய ராஜாவை வழியெல்லாம் மீன்கள் நின்று பார்த்தன. எதுவும் வாயைப் பொத்தவில்லை.

அன்று தொடங்கித்தான் கணவாய் தன் ஓட்டை உடம்புக்குள் வைத்துக் காக்கிறது. தன்னைவிடப் பெரியது விழுங்க வந்தால் அதன் முகத்துக்கு நேராகவே மை பீய்ச்சுகிறது.