சால்வைக்காகத் தோற்றவர்

நெட்டூர் என்று ஒரு நாடு இருந்ததாம். அதை வில்லவராயர் என்ற ராஜா வெகுகாலத்துக்கு முன்பு ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சதுரங்கப் பைத்தியம். அதிலும் ஒரு கோளாறு: ஆட்டம் இழுத்தால் பிடிக்காது, பசி வந்துவிடும்.

அதனால் ஒரு சட்டம் போட்டார். "தோற்கப்போகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்து, தன் ராஜாக்காயைச் சாய்த்து, ஜெயித்தவரைப் புகழ்ந்து ஒரு பாட்டும் பாடுகிறவருக்குப் பட்டுச் சால்வை. சால்வை தோளில் விழுந்ததும் ஆட்டம் முடிந்தது!"

கேட்க வேண்டுமா? அரண்மனையில் ஜெயிக்கவே ஆள் இல்லாமல் போயிற்று. யார் முந்திச் சாய்ப்பது என்றுதான் போட்டி. அதில் கெட்டிக்காரர், அவை ஆட்டக்காரர் கச்சிராயர். அவர் வீட்டில் நாற்பது சால்வை. நாலாவது நகர்த்தலிலேயே பெருமூச்சு விட்டு, "பிரபு, இருபது நகர்த்தலுக்கு அப்பால் என் தோல்வி தெரிகிறது" என்பார். "ஆகா, என்ன தீர்க்கதரிசனம்!" என்று சபை கைதட்டும். வேறு யாராவது அவருக்கு முன்னால் தோற்றுவிட்டால் மனுஷனுக்கு வயிறு எரியும்!

இந்தச் சங்கதி பக்கத்து வடகரை நாட்டுக்கு எட்டியது. அங்கிருந்து மாணிக்கவேள் என்று ஒரு தூதர் வந்தார்.

"மகாராஜா, ஒரே ஒரு ஆட்டம். நீங்கள் ஜெயித்தால் எங்கள் மேய்ச்சல் காடு உங்களுக்கு. நாங்கள் ஜெயித்தால் உங்கள் ஏழூர்க் குளம் எங்களுக்கு."

ஏழூர்க் குளம் என்றால் சும்மாவா? ஏழு ஊர் வயலும் அதை நம்பித்தான் இருக்கிறது. நம் ராஜாவோ மீசையை முறுக்கி, "சரி! எங்கள் கச்சிராயர் ஆடுவார்" என்று சொல்லிவிட்டார். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஏழு ஊர்க்காரர்களும் கதிகலங்கிப்போனார்கள். அந்தக் குளத்து மடையைத் திறந்து அடைக்கிற வேலை பார்ப்பவள் ஆவுடை. "நீ போய்ப் பார்த்துட்டு வா தாயி" என்று அவளை அனுப்பினார்கள். சபையில் ஒரு தூணோரம் வந்து நின்றாள்.

ஆட்டம் தொடங்கியது. கச்சிராயர் மோசமாக ஆடினார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாதி ஆட்டத்திலேயே அவர் உதடு முணுமுணுக்க ஆரம்பித்தது. வேறென்ன, தோல்விப் பாட்டு கட்டுகிறார்! அந்த நேரத்தில் தூதரின் காலாள் ஒன்று கடைசிக் கட்டத்துக்கு ஒரு அடி முன்னால் வந்து நின்றது. இன்னும் ஒரு அடி வைத்தால் மந்திரியாகிவிடும். தடுக்க ஆள் இல்லை.

கச்சிராயர் முகத்தில் என்ன பிரகாசம்! எழுந்தார், ராஜாக்காயைச் சாய்த்தார், "வடகரை வேங்கையே..." என்று ராகம் போட்டுப் பாடியும் முடித்தார். சேவகன் சால்வையை விரித்துக்கொண்டு வந்தான். அவர் குனிந்து தோளைக் கொடுத்தார்.

"ஏய், நில்லு!"

ஆவுடை பாய்ந்து வந்து சால்வையை அந்தரத்திலேயே பிடித்துவிட்டாள்.

"யாரடி நீ?" என்று ராஜா உறுமினார்.

"குளத்து மடைக்காரி, மகாராஜா. சால்வை தோள்ல விழுந்தாத்தான் ஆட்டம் முடிஞ்சதுன்னு நீங்கதானே சட்டம் போட்டீங்க? இன்னும் விழலியே!"

"அதிகப்பிரசங்கி!" என்று குதித்தார் கச்சிராயர். "செத்த ஆட்டத்தில் உனக்கென்ன வேலை?"

ஆவுடை தூதர் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். "ஐயா, செத்த ஆட்டம்தானே? கச்சிராயர் ஐயா போட்டுட்டுப் போன காயை நான் நகர்த்திப் பார்க்கட்டுமா?"

தூதர் வயிறு குலுங்கச் சிரித்தார். "தாராளமாக! பத்துத் தடவை வேண்டுமானாலும் நகர்த்து."

"பத்து எதுக்குங்க? ஒண்ணு போதும்."

சாய்ந்து கிடந்த ராஜாவை நிமிர்த்தி வைத்தாள். பலகை ஓரத்தில் எல்லோரும் மறந்துபோன ஒரு குதிரையை எடுத்தாள். ஒரே தாவல்.

"ராஜாவுக்குச் செக்!"

தூதர் சிரித்தபடியே தன் ராஜாவை நகர்த்தக் கை நீட்டினார். நீட்டிய கை நின்றுவிட்டது. மூலையில் பத்திரமாக நிறுத்திய ராஜா. முன்னால் சொந்தக் காலாள், கோணத்தில் இன்னொரு காலாள், பக்கத்தில் சொந்த யானை. ஓட ஒரு கட்டம் இல்லை. குதிரையை வெட்டவும் ஆள் இல்லை, குறுக்கே நின்று அதை மறிக்கவும் முடியாது.

"சொந்த ஆளுகளே இப்படி நெருக்கிக்கிட்டு நின்னா ராஜா எங்கிட்டுப் போவாரு, பாவம்!" என்றாள் ஆவுடை.

சபையில் எழுந்த கூச்சலில் மாடத்துப் புறாவெல்லாம் பறந்துபோயின. தூதர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு மேய்ச்சல் காட்டை எழுதிக் கொடுத்தார். கச்சிராயர் ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தார்.

"இங்கே வாரும்!" என்றார் ராஜா. "இருபது நகர்த்தல் தாண்டித் தெரியும் உமக்கு, கண் முன்னால் இருந்த குதிரை தெரியவில்லையா?"

"பிரபு... பாட்டில் கடைசி அடி வரவில்லை... அந்த யோசனையில்..."

சபையே விழுந்து விழுந்து சிரித்தது.

ராஜா ஆவுடையிடம், "நீ எங்கே அம்மா இப்படி ஆடக் கற்றாய்?" என்று கேட்டார்.

"எங்க ஊர்ல மடைக்காரங்க சதுரங்கம் ஆடுவோம், தோத்தவன்தான் மறுநாள் விடியக்காலம் குளத்துல முங்கி மடையைத் திறக்கணும். மார்கழித் தண்ணி, எலும்பு வரைக்கும் குத்தும். அதனால கடைசிக் காய் இருக்கிறவரை ஒருத்தனும் விடமாட்டான், மகாராஜா."

"அப்படியா? இந்த மார்கழி முழுக்கக் கச்சிராயர் முங்கட்டும்!" என்றார் ராஜா. "உனக்கு என்ன வேண்டும்? பொன்னா, நிலமா? கேள்."

ஆவுடை முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"ஒண்ணும் வேண்டாம். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். குளம் ஏழு ஊருக்கும் சோறு போடுது. அதைப் பலகையில வைக்கிறதுக்கு முன்னால எங்கள்ல ஒருத்தரையாவது கேட்டீங்களா?"

ராஜா முகம் சிவந்தது, பிறகு வெளுத்தது. மெல்ல எழுந்து, தலையிலிருந்த கிரீடத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"தோற்றேன் அம்மா."

"அவசரப்பட்டு ஒத்துக்கிடாதீங்க, மகாராஜா. நல்லா யோசிச்சுப் பாருங்க. ஏதாவது வழி இருக்கும்."

ராஜா நெடுநேரம் யோசித்தார்.

"இல்லை, ஆவுடை. எல்லாக் கட்டத்தையும் பார்த்துவிட்டேன். இது நிஜமாகவே தோற்ற ஆட்டம்தான்" என்றார். அன்றைக்கே குளத்தை ஏழு ஊர் பேரிலும் பட்டயம் எழுதிக் கொடுத்தார்.