பாறைக்கு அப்பால் ஒரு சாண்

நண்டு நேராக நடந்த அந்தக் காலத்தில், நத்தைக்கும் தவளைக்கும் ஆமைக்கும் ஒரே பாஷை. ஒன்று சொன்னால் மற்றதற்குப் புரியும்.

ஒரு கோடையில் அவை குடியிருந்த ஏரி வற்றத் தொடங்கியது. நடுவில் ஒரு குட்டை அளவுக்குத்தான் தண்ணீர் மிச்சம். வேறு ஏரிக்குப் போயே ஆக வேண்டும். வழி தெரிந்தது நண்டுக்கு மட்டும்தான். நண்டு கொழுத்தால் வளையில் தங்காது என்பார்களே, அதுபோல முந்தின மழைக்காலத்தில் ஊர் சுற்றக் கிளம்பி, கிழக்கே ஒரு பெரிய ஏரியைப் பார்த்துவிட்டு வந்திருந்தது.

"வழியைப் படமாப் போட்டுக் காட்டு தம்பி. எல்லாரும் மனசுல வாங்கிக்கிடுவோம்" என்றது ஆமை.

நண்டு ஈரச் சேற்றில் கால் நுனியால் கோடு இழுத்தது. தன் வளையிலிருந்துதான் தொடங்கியது. சொந்த வீட்டைப் பெரிதாகப் போடாதவர் யார்? அடுத்து பனைமரம், ஓலை ஓலையாக. பனையிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பாறை. பாறையடியில் கசிகிற ஊற்றைக்கூட விடவில்லை.

"அடேயப்பா, ஓலை அசையிற மாதிரியே இருக்கு" என்றது ஒரு தவளை. நண்டுக்குத் தலைகால் புரியவில்லை.

பாறையைப் போட்டுவிட்டு நிமிர்ந்தால், ஈரம் இன்னும் ஒரு சாண்தான் பாக்கி. அதற்கப்புறம் காய்ந்து வெடித்த தரை, கோடு விழாது. மிச்ச வழியோ பனைக்கும் பாறைக்கும் உள்ள தூரத்தைப்போல ஏழு மடங்கு. மரமே இல்லாத பொட்டல். முறையாகச் செய்வதென்றால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, சின்ன அளவில் முதலிலிருந்து போட வேண்டும். அவ்வளவு ஓலையும் போய்விடும். நண்டுக்கு மனசு வரவில்லை. பொட்டல் முழுவதையும் அந்த ஒரு சாணுக்குள் அமுக்கி, ஓரத்தில் புது ஏரியை வட்டமாகப் போட்டு முடித்தது.

நத்தை மட்டும் கோட்டின் மேல் ஊர்ந்து ஊர்ந்து பார்த்தது. குஞ்சும் குளுவானுமாய்ப் பெரிய குடும்பக்காரி அது. வெயிலில் உடம்பு ஈரம் காய்ந்தால் அவ்வளவுதான்.

"தம்பி, பனைக்கும் பாறைக்கும் ஒரு சாண் போட்டிருக்கே. பாறைக்கும் புது ஏரிக்கும் அதே ஒரு சாண்தான். ரெண்டும் ஒரே தூரமா?"

இல்லை என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் சற்றுமுன் புகழ்ந்த கண்களெல்லாம் நண்டையே பார்த்துக்கொண்டிருந்தன.

"ஆமா அக்கா, அதே தூரந்தான்" என்றது நண்டு.

மறுநாள் விடியலில் நத்தைக் குடும்பம் முதலில் கிளம்பியது. ஆமை துணைக்கு, நண்டு வழிகாட்ட. தவளைகள் பின்னால் வருவதாகச் சொல்லிவிட்டன. பனையைக் கடந்து பாறைக்கு வந்தபோது வெயில் இன்னும் சுடவில்லை. ஊற்றடியில் பாசி குளுகுளுவென்றிருந்தது.

"தாயி, புள்ளைங்களோட இங்கயே இருந்துட்டு, மழை விழுந்ததும் போகலாமே" என்றது ஆமை.

நத்தை யோசித்தது. "பனையிலேருந்து இங்க வந்த தூரந்தானே இனி போற தூரமும். வெயில் ஏறுறதுக்குள்ள சேர்ந்திடலாம் அண்ணே."

அப்போதாவது நண்டு வாயைத் திறந்திருக்கலாம். நேற்றுச் சொன்ன பொய்யை எப்படி விழுங்குவது என்று தெரியாமல், பாறையைத் தாண்டி முன்னால் நடந்தது.

ஒரு மடங்கு தூரம் போயாயிற்று. ஏரியைக் காணோம். இன்னொரு மடங்கும் போயாயிற்று. உச்சி வெயிலில் தரை கொதித்தது. குட்டி நத்தைகள் ஒவ்வொன்றாக ஓட்டுக்குள் சுருங்கி மூடிக்கொண்டன. அதன்பிறகுதான் நண்டு சொன்னது: "அக்கா, இடம் பத்தலைன்னு சுருக்கிப் போட்டுட்டேன். இன்னும் அஞ்சு மடங்கு இருக்கு."

பாறைக்குத் திரும்பினால் இரண்டு மடங்குதான்; ஆனால் காய்ந்துபோன ஓடுகள் முங்கி நனைய அங்கே கசிகிற ஊற்று போதாது, ஏரித் தண்ணீர்தான் வேண்டும். ஆமை எல்லா ஓடுகளையும் தன் முதுகில் ஏற்றிக்கொண்டு, கால் தேய நடந்தது. சாயங்காலம் புது ஏரியில் இறக்கியபோது, சில ஓடுகள் தண்ணீர் பட்டும் திறக்கவில்லை. நத்தை அவற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது.

"படம் அழகா இல்லைன்னு யாரு தம்பி அழுதா? தூரம்னு தெரிஞ்சிருந்தா ஊத்தடியிலயே கிடந்திருப்போமே" என்றது.

திட்டியிருந்தால்கூட நண்டு தாங்கியிருக்கும். வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. நத்தையின் முகத்தைப் பார்க்க முடியாமல் பக்கவாட்டிலேயே நகர்ந்து கரையேறியது. அப்படியே பொட்டலைக் கடந்து பழைய ஏரிக்குப் போனது. அங்கே தவளைகள் அந்தப் படத்தை நம்பிக் கிளம்பத் தயாராக இருந்தன.

நண்டு படத்தை அழித்தது. மூலையில் விரலகலத்துக்கு ஒரு சின்னக் கோடு போட்டது.

"பனையிலேருந்து பாறைவரைக்கும் இவ்வளவு. படம் பூராவும் இதே அளவுதான்" என்றது, யாரையும் பார்க்காமல்.

பனை ஒரு புள்ளி, பாறை ஒரு புள்ளி. பாறையிலிருந்து அந்தக் கோட்டை ஏழு தடவை அடுத்தடுத்து வைத்து, அது முடிந்த இடத்தில் ஏரி. தன் வளையைப் போடவே இல்லை. யாரும் மெச்சவும் இல்லை. தவளைகள் அளந்து பார்த்துக்கொண்டன. பகல் முழுதும் ஊற்றடியில் கிடந்து, அந்தி சாய்ந்தபின் பொட்டலில் இறங்கி, ஒன்று குறையாமல் போய்ச் சேர்ந்தன.

வழிப்படம் போடுகிறவர்கள் மூலையில் ஓர் அளவுக்கோட்டைப் போட்டு, படம் முழுவதற்கும் அதே அளவு என்று வாக்குக் கொடுப்பது அன்றைக்குத் தொடங்கியதுதான். நண்டு யார் முகத்துக்கும் நேரே வராமல் பக்கவாட்டில் ஓடி வளைக்குள் ஒளிவதும் அன்றைக்குத் தொடங்கியதுதான்.