பிலோமினாவின் கேரம் கோப்பை

காசிமேட்டில் எழுந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு, தீர்ப்பை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பிலோமினா மீன் ஏலக்கூடத்தில் வேலை பார்த்தவள். பொய் பேசாதவள் என்று அங்கே பெயரெடுத்தவள். ஒரு கோடையில் மூளைக்காய்ச்சல் அவளைப் படுக்கையில் தள்ளியது. பிழைத்து எழுந்தபோது, மருத்துவர் அவளுடைய நாத்தனார் அற்புதமேரியிடம் சொன்னார்:

"மூச்சையும் இதயத் துடிப்பையும் நடத்துகிற மூளைத்தண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. பேசுவது, யோசிப்பது, முடிவெடுப்பது எல்லாம் பெருமூளையின் வேலை. அதுவும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. உடம்பு தடுமாறாமல், கைகால் சீராக அசையப் பார்த்துக்கொள்ளும் சிறுமூளையும் தப்பிவிட்டது. ஆனால் பெருமூளைக்குள்ளேயே, அன்றாடம் நடப்பதைப் பதிந்துவைக்கிற ஒரு சிறு பகுதி அழிந்துவிட்டது. பழையதெல்லாம் நினைவிருக்கும். இனி நடப்பது எதுவும் நினைவில் தங்காது."

அப்படியே ஆயிற்று. காலையில் சாப்பிட்டதை மதியம் மறந்தாள். வேலை போயிற்று.

அற்புதமேரி நல்ல கேரம் ஆட்டக்காரி. வீட்டில் மருகிக்கொண்டிருந்த அண்ணியைத் தன் மன்றத்துக்குத் தினமும் அழைத்துப் போனாள். தினமும் பிலோமினா ஒன்றையே சொல்வாள்: "அண்ணனுங்க ஆடிப் பாத்திருக்கேன். நான் தொட்டதே இல்ல." அற்புதமேரி சலிக்காமல் ஸ்ட்ரைக்கரை அவள் விரலருகே வைப்பாள். முதலில் காய்கள் கண்டபடி சிதறின. மழைக்காலம் முடிவதற்குள் அவள் குறி வைத்த காய் குழிக்குள் போனது. அதைக் கண்டு மற்றவர்கள் வியந்தார்கள். அவள் மட்டும் ஒவ்வொரு நாளும் புதிதாக வியந்தாள்.

மன்றத்தின் ஆண்டுப் போட்டி வந்தது. ஓராண்டு அங்கே பயின்றவருக்கே கோப்பை என்பது விதி. இறுதி ஆட்டத்தில் சிவப்புக் காயைப் போட்டு, உடனே வெள்ளையையும் போட்டு, பல ஆண்டுகளாக அங்கே ஆடிவரும் வஹீதாவைப் பிலோமினா வென்றாள். தோற்ற வஹீதாவே முதலில் எழுந்து கைதட்டினாள்.

வெளியூரிலிருந்து வந்திருந்த நடுவர் தேசப்பன் கோப்பையை எடுத்தார். "ஓராண்டு இங்கே பயின்றீர்களா?"

"இல்லீங்க. இன்னிக்குத்தான் முதல் தடவையா ஆடறேன்."

அற்புதமேரி முன்னால் வந்தாள். "ஒரு வருஷமா நான்தான் சொல்லிக்குடுத்தேன். தினமும் வந்தாங்க." காய்ச்சலின் கதையையும் சொன்னாள்.

பிலோமினா நிமிர்ந்தாள். "எனக்காகப் பொய் சொல்லாத, அற்புதம். கத்துக்காம வந்த கோப்பை எனக்கு வேணாம்."

"பொய் இல்ல அண்ணி. இது உங்க உழைப்பு. நான் விட்டுக்குடுக்க மாட்டேன்."

தேசப்பன் யோசித்தார். "தினமும் வந்திருக்கலாம். ஆனால் எதுவுமே நினைவில் தங்காதவரால் எப்படிக் கற்றிருக்க முடியும்?"

சொல்லுங்கள்: அண்ணி, நாத்தனார் இருவரில் உண்மை சொன்னவர் யார்? கோப்பை யாருக்கு?

விடை: இருவரும் தாங்கள் அறிந்த உண்மையையே சொன்னார்கள், கோப்பை பிலோமினாவுக்கே. நடந்ததை நினைவில் வைப்பது வேறு, ஒன்றைச் செய்யப் பழகுவது வேறு. முன்னதற்கான இடம்தான் அவளுக்கு அழிந்தது. கைப்பழக்கத்தைச் சேர்த்துவைக்கும் சிறுமூளையும், பெருமூளையின் அடியில் இருக்கும் நரம்பு முடிச்சுகளும் ஆண்டு முழுதும் அவள் அறியாமலே கற்றுக்கொண்டிருந்தன. இதை வஹீதா வேறு விதமாகச் சொன்னாள்: "முதல் தடவை ஆடறவங்க யாராலயும் என்னை இப்படி ஜெயிக்க முடியாது, சார்." தேசப்பன் பலகையில் ஒரு கடினமான காயை வைத்து அடிக்கச் சொன்னார். காய் குழியில் விழுந்தது. பிலோமினா தன் விரலையே சற்று நேரம் பார்த்தாள். "அப்ப நான் கத்துக்கிட்டுதான் இருந்திருக்கேன்" என்று சொல்லி, கோப்பைக்காக இரண்டு கைகளையும் நீட்டினாள்.